வவ்வால்னா சுவத்துல தொத்தத்தானே செய்யும்

தீபாவளி லீவுக்குக் கானாடுகாத்தான் வந்திருந்த அக்கா மகன் அலாதீன் கேம் ஆடிக்கொண்டிருந்தான். டிஸ்னி படத்தை வைத்து 1993-இல் செகா ஜெனிசிஸ் என்ற டிவி கேம் பெட்டிக்கு வந்த அதே கேம்தான். 2019-இல் லயன் கிங் கேமோடு சேர்த்து மறுபடி வெளியிட்டார்கள். பத்து நிமிஷத்தில் பையன் தீர்ப்பு சொல்லிவிட்டான்: "மாமா, இது தப்பு. படத்துல அவன் இப்படிக் கத்திய வீசிக்கிட்டே திரிய மாட்டான்."

சரிதான். படத்தில் அலாதீன் ஓடுவான், தாவுவான், ஆளை ஏய்ப்பான். வாளைப் பிடித்து மோதுவது கடைசியில் பாம்பாக மாறிய வில்லனோடுதான். கேமில் முதல் தெருவிலேயே வாளோடு நிற்கிறான். ஆனால் அது தப்பில்லை என்று அவனிடம் ஒரு மணி நேரம் பேசிப் பார்த்தேன். கேட்கவில்லை. அதனால் உங்கள் தலையில் கட்டுகிறேன்.

என் கட்சி இதுதான்: சினிமாவை வைத்துச் செய்த பழைய கேம்களில் உருப்பட்டதெல்லாம் படத்துக்குக் கொஞ்சம் துரோகம் செய்தவைதான்.

எனக்கு இது புரிந்தது பேட்மேனில். 1989-இல் வந்த டிம் பர்ட்டன் படத்தை வைத்து ஜப்பானின் சன்சாஃப்ட் அதே வருடக் கடைசியில் நிண்டெண்டோ பெட்டிக்குச் செய்த கேம். எங்கள் வீட்டில் இருந்தது அந்தப் பெட்டியின் நகல். கேசட்டைக் கழற்றி, வாயால் ஊதி, மறுபடி சொருகினால்தான் படம் வரும். ஒயர் கட்டையாக இருக்கும். அதனால் டிவிக்குப் பக்கத்திலேயே ஆத்தங்குடிக் கல் தரையில் குப்புறப் படுத்துத்தான் ஆட வேண்டும். வயிறு ஜில்லென்று இருக்கும், அடாப்டர் இட்லிச்சட்டி மாதிரி கொதிக்கும். அந்த கேமில் பேட்மேன் ஒரு சுவரில் தாவி ஒட்டி, அங்கிருந்து உதைத்து எதிர்ச்சுவருக்குத் தாவி, அப்படியே மேலே ஏறிப் போவான். படத்தில் இது கிடையாது. அந்த ரப்பர் உடையைப் போட்டுக்கொண்டு மைக்கேல் கீட்டனால் கழுத்தைக்கூடத் திருப்ப முடியவில்லை, உடம்போடு சேர்ந்துதான் திரும்புவார். இதை நான் அண்ணனிடம் பெரிய குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தா தலையைத் தூக்காமலே சொன்னது: "வவ்வால்னா சுவத்துல தொத்தத்தானே செய்யும்."

அவ்வளவுதான் விஷயம். படம் செய்யாததை, பாத்திரம் செய்யக்கூடியதை, கேம் செய்தது. கதையை அது கட்டிக்கொண்டு அழவில்லை. கட்டைவிரலுக்கு ஒரு வேலை கண்டுபிடித்தது.

அலாதீனுக்கே வருவோம். ஒரே படத்துக்கு, ஒரே வருடத்தில், இரண்டு கம்பெனிகள் இரண்டு கேம் செய்தன. சூப்பர் நிண்டெண்டோ பெட்டிக்குக் கேப்காம் கம்பெனி செய்ததில் வாளே கிடையாது, எதிரி தலையில் குதித்துத் தாண்டிப் போக வேண்டும். அதை வடிவமைத்தவர் ஷின்ஜி மிகாமி. பின்னால் 1996-இல் ரெசிடென்ட் ஈவில் என்ற திகில் கேமைச் செய்தாரே, அவரேதான். படத்துக்கு நெருக்கமானது எது என்றால் மிகாமியுடையதுதான். ஆனால் செகாவுக்கு டேவிட் பெர்ரி குழு செய்ததில் டிஸ்னி ஓவியர்களே கையால் வரைந்த அசைவுகள் இருந்தன. அடி வாங்கினால் காவலாளியின் கால்சட்டை அவிழ்ந்து விழும், ஒட்டகத்தின் முதுகில் குதித்தால் அது வாயிலிருந்து துப்பும். அந்தச் சிரிப்பு படத்தின் சிரிப்பு. வாள் மட்டும் இரவல். நான் செகா பக்கம்.

விற்பனைத் தேதிக்குப் பயந்து செய்தால் என்ன ஆகும் என்பதற்கு, ஈ.டி. படத்தை வைத்து அட்டாரி கம்பெனி செய்த கேம் இருக்கிறது. 1982 கிறிஸ்துமஸ் விற்பனைக்காக ஒரே ஆள் ஐந்து வாரச் சொச்சத்தில் எழுதியது. விற்காத கேசட்டுகளை நியூ மெக்ஸிகோவில் குழி தோண்டிப் புதைத்தார்கள், 2014-இல் தோண்டியும் எடுத்தார்கள். சினிமா கேம் என்றாலே குப்பை என்பவர்கள் இந்த ஒன்றை வைத்தே முப்பது நாற்பது வருஷம் ஓட்டிவிட்டார்கள்.

லயன் கிங் வேறு கதை. 1994-இல் வெஸ்ட்வுட் கம்பெனி செய்தது. இரண்டாவது லெவலில் குரங்குகள் குட்டிச் சிம்பாவைப் பந்து மாதிரி ஒன்றிடமிருந்து ஒன்று தூக்கி எறியும். எந்தக் குரங்கைப் பார்த்து உறுமித் திருப்ப வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்குள் உயிர் போய்விடும். அமெரிக்காவில் கேசட்டை வாடகைக்கு எடுப்பவர்கள் ஒரே வார இறுதியில் முடித்துவிடக் கூடாது என்று வேண்டுமென்றே அதைக் கடினமாக்கினார்கள் என்று செய்தவர்களே பின்னால் சொன்னார்கள். எவனோ அமெரிக்காக்காரனுக்குப் போட்ட பூட்டு, காரைக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து உட்கார்ந்திருந்த என் மேல் விழுந்தது. ஒரு கோடை விடுமுறை முழுக்க நான் மூன்றாவது லெவலைப் பார்க்கவே இல்லை.

நம் படங்களை வைத்து இப்படி ஒன்று ஏன் ஒட்டவில்லை என்று அடிக்கடி யோசிப்பேன். ஏவி.எம். செட்டியார் காரைக்குடியில் ஸ்டுடியோ போட்டு எடுத்த 'நாம் இருவர்' வெளிவந்தது 1947. இன்றைக்கும் ஷூட்டிங் வேன் வராத மாதம் கிடையாது. கேமராக்காரர்கள் செட்டிநாட்டு வீட்டின் முகப்புத் தூணையும் பர்மா தேக்குக் கதவையும் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். எனக்கு என்னவோ அந்த வீடே ஒரு லெவலாகத்தான் தெரிகிறது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரே நேர்கோடு. இடமிருந்து வலமாக ஓட வேண்டியதுதான் பாக்கி. ஹீரோவுக்குப் பஞ்ச் வசனம் எழுத உட்காராமல், அவன் கையும் காலும் என்ன செய்யும் என்று யாராவது யோசித்தால் போதும். துண்டை வீசி விட்டத்தில் தொங்கட்டுமே!

இதெல்லாம் சொல்லி முடித்துத் திரும்பினால், பையன் லயன் கிங்குக்குப் போயிருந்தான். அதே குரங்குகள். சிம்பா கீழே விழுந்தான். அவன் ஒரு பட்டனை அழுத்த, கேம் அப்படியே பின்னால் ஓடி, சிம்பா மறுபடி குரங்கின் கைக்கு வந்தான். புது வெளியீட்டில் அப்படி ஒரு வசதி வைத்திருக்கிறார்களாம். நான்காவது முறையில் தாண்டிவிட்டான்.

"ஈஸிதான் மாமா" என்றான்.

நான் எழுந்து காபி போடப் போய்விட்டேன்.