தலைப்பாகையும் ஹிஜாபும்: ஆபத்து என்று சொல்பவர்தானே ஆதாரம் காட்ட வேண்டும்?

1932இல் எட்டு நாடுகள் ஜெனீவாவில் கூடித் தொடங்கிய சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு இல்லாதிருந்தால், நாட்டுக்கு நாடு ஒரு விதிநூல் இருந்திருக்கும். பொது விதிகளை வகுத்துக் காப்பது அதன் தலையாய பணி என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், ஒருவரைக் களத்திலிருந்து விலக்கும் விதிக்கு, அதை வகுத்த அமைப்பே ஆதாரம் காட்ட வேண்டும்; தலைப்பாகை, ஹிஜாப் போன்ற தலையுடைகளைச் சர்வதேசப் போட்டிகளில் 2017 வரை கூட்டமைப்பு தடுத்திருந்த விவகாரத்தில் அந்தப் பொறுப்பை ஆட்டக்காரர்கள் மீதே சுமத்திவிட்டார்கள்.

2014 ஜூலையில் சீனாவின் வூஹானில் நடந்த ஆசியக் கோப்பையில், இந்திய அணியின் சீக்கிய ஆட்டக்காரர்களான அம்ரித்பால் சிங்கும் அம்ஜோத் சிங்கும் தலைப்பாகையைக் கழற்றினால்தான் ஆடலாம் என்று கூறப்பட்டது. அவர்கள் கழற்றிவிட்டு ஆடினார்கள். சீனாவை அதன் மண்ணிலேயே இந்தியா வென்றதும் அந்தத் தொடரில்தான். இரண்டு மாதம் கழித்து, தென் கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஹிஜாபைக் கழற்ற மறுத்த கத்தார் பெண்கள் அணி, மங்கோலியாவுடனான ஆட்டத்தை ஆடாமலே இழந்தது. பிற ஆட்டக்காரர்களுக்குக் காயம் விளைவிக்கக்கூடிய பொருள்களை அணியக் கூடாது என்ற விதியின் கீழ்தான் தலையுடையும் தடுக்கப்பட்டிருந்தது. இறுக்கிக் கட்டிய துணியால் யாருக்குக் காயம் ஏற்பட்டது என்பதை அல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்?

அதே ஆண்டு மார்ச்சிலேயே கால்பந்து விதிகளை வகுக்கும் அமைப்பு தலையுடைக்கு அனுமதி அளித்துவிட்டது. கூடைப்பந்துக் கூட்டமைப்போ உள்நாட்டுப் போட்டிகளில் மட்டும் சோதனை முறையில் அனுமதித்துவிட்டு, சர்வதேசப் போட்டிகளில் தடையைத் தொடர்ந்தது. 2017 மே மாதம் ஹாங்காங் மாநாட்டில்தான் புதிய விதி ஏற்கப்பட்டு, அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அன்றைய அந்த விதிப்படி, தலையுடை கறுப்பு, வெள்ளை அல்லது சீருடையின் நிறத்தில் இருக்க வேண்டியிருந்தது. முகத்தை மறைக்கக் கூடாது. முகத்தைச் சுற்றியோ கழுத்தைச் சுற்றியோ திறந்து மூடும் பாகங்களும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாகங்களும் இருக்கக் கூடாது. இவ்வளவு எளிய, நியாயமான வரையறையை 2014இலேயே எழுதியிருக்க முடியும்.

அந்தத் தாமதத்தின் விலையை ஆட்டக்காரர்களே கொடுத்தார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பள்ளிக் காலத்திலேயே 3,000 புள்ளிகளைத் தாண்டிச் சாதனை படைத்த, ஹிஜாப் அணியும் பில்கிஸ் அப்துல் காதிர், கல்லூரி முடித்து வெளிநாட்டில் தொழில்முறை ஆட்டத்துக்குத் தயாரான வேளையில் அவருக்குக் குறுக்கே நின்றது இந்தத் தடைதான். விளையாட்டு வாழ்வில் இருபதுகளின் மூன்று ஆண்டுகள் திரும்பக் கிடைப்பவை அல்ல. ஆகவே, இனி இத்தகைய கோரிக்கை எழுந்தால், ஆபத்து நிரூபிக்கப்படும்வரை ஆட அனுமதிக்க வேண்டும். முடிவெடுப்பதற்கான காலக்கெடுவையும் கூட்டமைப்பு தன் விதிநூலிலேயே எழுதி வைக்க வேண்டும்.