மேலாளரை மாற்றினால் மட்டும் போதுமா?
மேலாளரை மாற்றி, முப்பது வயது தாண்டிய வீரர்களை அனுப்பிவிட்டால் இங்கிலாந்துக் கால்பந்து அணியான மான்செஸ்டர் யுனைடெட் எழுந்துவிடும் என்கிறது இங்கே வந்திருக்கும் கட்டுரை. 2013இல் மேலாளர் ஃபெர்குசன் ஓய்வு பெற்ற பிறகு மோயஸ், வான் கால், மொரின்யோ, சோல்ஷயர், டென் ஹாக், அமோரிம் என்று எத்தனை பேரைப் பார்த்தாச்சு! இங்கிலாந்து லீக் பட்டம் ஒன்றுகூட வரவில்லை; 2024-25இல் 15ஆம் இடம். வயதுதான் பிரச்சினை என்று கருத்துப் பகுதியில் எழுதியிருக்கும் நண்பருக்கு: கடைசியாக லீக் வென்ற 2012-13 அணியில் கிக்ஸுக்கு 39 வயது, ஸ்கோல்ஸுக்கு 38. அவ்வளவு தூரம் போவானேன், எங்கள் கோயம்புத்தூரையே பாருங்க. நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக வைத்து ஆடிய சென்னை சிட்டி, அக்பர் நவாஸ் பயிற்சியில் இந்தியக் கால்பந்துத் தொடரான ஐ-லீக்கை 2018-19இல் வென்றது. கடைசி ஆட்டத்தில் மினெர்வா பஞ்சாபை 3-1 என்று சாய்த்தபோது கத்திக் கத்தி எனக்குத் தொண்டையே கட்டிவிட்டது. அடுத்த சீசனிலும் அதே நவாஸ்தான். ஆனால் பட்டம் வென்ற அணியின் வீரர் நெஸ்டர் ஹைதராபாத் அணிக்குப் போனார், முந்தைய சீசனில் 21 கோல் அடித்த பெட்ரோ மான்சியும் பாதியில் ஜப்பானுக்குக் கிளம்பிவிட்டார். பட்டத்தைத் தக்கவைக்க முடியவில்லை. ஒரே வருடத்தில் நவாஸுக்குப் பயிற்சி கொடுக்கவா மறந்துபோயிருக்கும்? யாரை வாங்குவது, யாரை விடுவது என்று முடிவெடுக்கும் நிர்வாகத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே, அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.