வட்டாரச் சொற்கள் சிதைவுகள் அல்ல
இங்கிலாந்தின் வட்டாரச் சொற்களில் பெரும்பாலானவை படிப்பறிவில்லாதவர் வாயில் சிதைந்துபோன ஆங்கிலமே என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை ஏற்க இயலவில்லை. குளிரைச் சிறிதும் தாங்காதவரைக் குறிக்க மத்திய இங்கிலாந்தில் இன்றும் வழங்கும் ‘நெஷ்’ என்ற சொல், மென்மை என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்லின் நேர் வழித்தோன்றல். அதைக் கைவிட்டது பொது ஆங்கிலம்தான். வடபகுதியில் சிலந்திக்கு வழங்கிய ‘அட்டர்காப்’ இன்னும் தெளிவான சான்று. அதன் முற்பகுதி நஞ்சைக் குறிப்பது. பிற்பகுதியோ, சிலந்தி வலைக்குப் பொது ஆங்கிலத்தில் வழங்கும் ‘காப்வெப்’ என்ற சொல்லில் சற்றே உருமாறி இன்றும் வாழ்கிறது, அதை அன்றாடம் சொல்பவர்களில் பலர் இதை அறிவதில்லை என்றாலும். இவற்றை முறையாகத் தொகுத்தவர் உண்டா என்று அக்கட்டுரையைப் படித்த ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மொழியியலாளர் ஜோசப் ரைட் 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட ஆங்கில வட்டார வழக்கு அகராதியை அவர் அவசியம் பார்க்க வேண்டும். சிறு வயதிலேயே யார்க்‌ஷயர் ஆலையில் வேலைக்குப் போய், 15 வயதளவில்தான் எழுதப் படிக்கக் கற்று, பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியரான ரைட், தாம் பேசி வளர்ந்த விண்ட்ஹில் என்னும் ஊரின் வழக்கைச் சிதைவென ஒதுக்காமல், அதற்கென ஓர் இலக்கண நூலையே 1892-இல் எழுதி வெளியிட்டார்.