டேங்கை மாற்றியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை

அந்தப் பழைய பிக்கப் வண்டியின் விவகாரம் இங்குள்ள பெரும்பாலானோருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அரித்து ஓட்டையான பெட்ரோல் டேங்கைக் கழற்றிவிட்டுப் புதியது போட்டார்கள். புது டேங்க் பொருத்திய கையோடு வண்டி நடுவழியில் நின்றது. "டேங்க் சரியில்லை, வேறொன்று வாங்குங்கள்" என்று ஒரே வரியில் தீர்ப்பு வந்தது. பழைய டேங்க் ஏன் ஓட்டையானது என்று நான் கேட்டதற்கு, "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று எல்லோர் முன்னிலையிலும் என் வாயை அடைத்தார்கள். அது இன்னும் உறுத்துகிறது.

டேங்க் காரணமில்லாமல் அரிப்பதில்லை. பாதி காலியாகவே நிற்கும் டேங்கின் உட்சுவரில் ஈரம் படிகிறது. தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கி உள்ளிருந்து துருவை வளர்க்கிறது. இல்லையென்றால், டேங்கைத் தாங்கும் பட்டைக்கும் தகட்டுக்கும் இடையில் சேறு அடைந்து, ஈரம் காயாமல், வெளியிலிருந்து அரிக்கிறது. உள்ளிருந்து வந்த துரு என்றால் அதன் துகள்கள் குழாயிலும் ஃபில்டரிலும், கழற்றி மறுபடி மாட்டிய பம்பின் வலையிலும் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கும். அவற்றை அப்படியே விட்டுவிட்டு டேங்கை மட்டும் மாற்றினால் வண்டி நிற்கத்தான் செய்யும். அந்தப் பழியைப் புது டேங்கின் மேல் போடுவது என்ன நியாயம்?

என் வண்டியிலும் இதே போன்ற தொல்லை வந்தது. கொஞ்ச தூரம் நன்றாக ஓடும். பிறகு திணறி நின்றுவிடும். டேங்க் மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுக்கும், உடனே ஸ்டார்ட் ஆகும். பார்த்தவர்கள் எல்லோரும் பம்ப் என்றார்கள். டேங்கை இறக்கிய பிறகுதான் தெரிந்தது: மேல்புறக் காற்றுக்குழாய் டேங்குக்கும் பின்தளத் தகட்டுக்கும் நடுவே சிக்கித் தட்டையாக நசுங்கி, மடிந்த இடத்தில் ரப்பர் வெளுத்துக் கிடந்தது. காற்று உள்ளே வர வழியில்லாவிட்டால் எந்தப் பம்பும் பெட்ரோலை இழுக்க முடியாது. ஏற்றி மாட்டியவர் பட்டையை முறுக்கும் முன் மேலே கைவிட்டு ஒருமுறை தடவிப் பார்த்திருந்தால் போதும்.

"பழைய வண்டிக்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு?" என்று கேட்பீர்கள். பழைய வண்டி என்பதால்தான். விரிசல் விட்ட ரப்பர் ஹோஸ் பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் இருந்தால் ஒரு சொட்டும் கசியாமல் காற்றை மட்டும் இழுத்துக்கொண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பட்டறையில் நேரமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே டேங்கை இரண்டு முறை இறக்குவதற்கு மட்டும் நேரம் எங்கிருந்து வருகிறது?

"பழைய வண்டியில் பெட்ரோல் கேஜ் தப்பாகத்தான் காட்டும்" என்பதையும் நான் ஏற்கமாட்டேன். டேங்குக்குள் பெட்ரோல் மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதவைதான் மின்தடையை மாற்றி முள்ளை நகர்த்துகிறது. பல பழைய ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) வண்டிகளில் அந்தத் தடை காலியில் 0 ஓம், நிறைந்தால் 90 ஓம். பழைய ஃபோர்டுகளில் காலியில் 73, நிறைந்தால் 10 என்று தலைகீழ். பொருந்தாத மிதவையைப் போட்டாலோ எர்த் வயரைத் துரு மேலேயே முறுக்கிவிட்டாலோ முள் எப்படிச் சரியாகக் காட்டும்? காரணத்தைத் தேடாமல் பாகத்தை மாற்றுவதற்குப் பெயர் ரிப்பேர் அல்ல.

எல்லாவற்றையும்விட என்னைக் கொதிக்கவைத்தது, "பழைய டேங்கின் ஓட்டையையே வெல்டிங் செய்து பற்றவைத்திருக்கலாமே" என்று ஒருவர் சொன்னதும், மற்றவர்கள் தலையாட்டியதும்தான். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்தானது. காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தாலே தீப்பிடிக்கும். கடுங்குளிரிலும் பெட்ரோல் அந்த அளவுக்கு ஆவியாகும். தண்ணீர் விட்டு அலசினோம் என்பது பதிலாகாது. மடிப்புகளிலும் உள்தடுப்புத் தகடுகளின் பின்னும் தங்கியது சூடு பட்டதும் மறுபடி ஆவியாகிறது. என் கேள்வியைக் கேலி செய்தவர்கள் இதற்கும் அனுபவத்தைக் காரணம் காட்டுவார்கள். அனுபவம் உள்ளவர் பக்கத்திலும் உதவிக்கு ஒரு பையன் நிற்கிறான். அவன் முகத்தை நினைத்துப் பாருங்கள்.

அந்தப் பழைய டேங்கைத் தயவுசெய்து யாரிடமும் பற்றவைக்கக் கொடுக்காதீர்கள். எடைக்குப் போடுவதாக இருந்தாலும், உள்ளே பெட்ரோல் இருந்தது என்று வாங்குபவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.