1967 வாக்கெடுப்பு வாக்குரிமைக்காக நடந்ததல்ல

மேலே ஒரு நண்பர், ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களுக்கு 1967 பொது வாக்கெடுப்பில்தான் வாக்குரிமை கிடைத்தது என்று எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்ந்திருப்பதால் ஒரு சிறு திருத்தம்.

நாடாளுமன்றத் தேர்தலில் பழங்குடியினர் அனைவரும் வாக்களிக்கும் உரிமை 1962இலேயே சட்டத் திருத்தம் மூலம் வந்துவிட்டது. மாநிலங்களில் கடைசியாக வழிக்கு வந்தது குயின்ஸ்லாந்து, 1965இல். அப்புறம் 1967இல் எதற்கு ஓட்டுப் போட்டார்கள்? அரசியல் சாசனத்தில் இரண்டு மாற்றங்களுக்கு. பழங்குடியினருக்காக மத்திய அரசு சட்டம் இயற்றத் தடையாக 51ஆம் பிரிவில் இருந்த சில சொற்களை நீக்குவது ஒன்று. மக்கள்தொகையைக் கணக்கிடும்போது அவர்களைச் சேர்க்கக் கூடாது என்ற 127ஆம் பிரிவை முழுதாக எடுப்பது மற்றொன்று. 90 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு கிடைத்தது. பழங்குடியினர் உரிமைக்காகப் போராடிய ஃபெய்த் பேண்ட்லர் போன்றவர்கள் 1957இலிருந்து கையெழுத்து மனுக்களோடு வீதி வீதியாக அலைந்ததன் பலன் அது. வாக்குரிமை என்று சுருக்கிவிட்டால் அவர்கள் உண்மையில் எதற்காகப் போராடினார்கள் என்பதே மறைந்துபோகிறது. நண்பர் மீது குறையில்லை, ஆஸ்திரேலியர்களே பலர் இப்படித்தான் நம்புகிறார்கள்.

சரிபார்ப்பது எளிது. ஆஸ்திரேலியத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் பழங்குடியினர் வாக்குரிமை வரலாறு ஆண்டுவாரியாக இருக்கிறது. இன்றைய அரசியல் சாசனத்தைத் திறந்து 127ஆம் பிரிவைத் தேடினால் அந்த இடம் காலி. 1901இல் நடைமுறைக்கு வந்த மூல வடிவத்தில் அந்த வரியைப் படிக்கலாம், அதில் வாக்கு என்ற பேச்சே கிடையாது.