காலுக்குப் பின்னால் தெரியும் தாங்கி மரணத்தின் அடையாளம் அல்ல

திருகோணமலை வீடொன்றின் பழைய பெட்டகத்தில் கிடைத்ததாக இங்கு பகிரப்பட்ட படத்தில், நிற்கும் இளைஞரின் காலணிகளுக்குப் பின்னால் இரும்புத் தாங்கியின் அடிப்பகுதி தெரிவதால், அது பிணத்தை நிறுத்தி எடுத்த படம் என்று கூறப்பட்டிருப்பது தவறு. 1839 இல் டாகுரோடைப் என்ற தொடக்ககால ஒளிப்பட முறை அறிவிக்கப்பட்ட பின் பல ஆண்டுகளுக்கு, ஒரு படம் பதிவாகப் பல விநாடிகள் தேவைப்பட்டமையால், உயிருடன் நிற்பவரின் தலை அசையாதிருக்கவே ஸ்டூடியோக்கள் அத்தாங்கியை வைத்திருந்தன. உயிரற்ற உடலின் முழுப் பாரத்தையும் நிமிர்த்தி நிறுத்தும் வலிமை அதற்குக் கிடையாது. இறந்தோரைப் படமெடுக்கும் வழக்கம் மேற்கு நாடுகளில் இருந்தது உண்மையே. ஆனால் பெரும்பாலும் அவர்களைக் கட்டிலிலோ சவப்பெட்டியிலோ கிடத்தியும், குழந்தையாயின் தாயின் மடியில் வைத்துமே எடுத்தார்கள். உடன் காட்டப்பட்ட ஐரோப்பியப் படங்களில் விழிகள் வெளிறியிருப்பதும் சான்றாகாது: படம் பதியும் அக்காலத் தட்டுகள் நீல ஒளியையே மிகுதியாக உள்வாங்கியதால், நீலக் கண்கள் ஏறத்தாழ வெண்மையாகப் பதிந்தன.

விசித்திரமான பழைய படங்களைச் சேகரிப்பது மதிப்புள்ள வேலை என்றே நான் கருதுகிறேன். அதனாலேயே, இவ்வூரில் இன்னும் உறவினர் இருக்கக்கூடிய ஒருவரைப் பிணமென்று எழுதிய தலைப்பை நீக்கி, படம் ஒட்டப்பட்ட அட்டையின் பின்புறத்தில் ஸ்டூடியோ முத்திரையோ கையெழுத்தோ இருந்தால் அதனையும் பகிருமாறு கேட்டுக்கொள்கிறேன்.