அந்தச் சம்பூர் வரைபடத்தில் சனங்கள் எங்கே?

2006இல் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் நடந்த சண்டையை ஒரு பக்கத்தில் வரைபடமாகப் போட்டிருக்கிறார்கள். நேற்றிலிருந்து எல்லாரும் பகிர்ந்துகொண்டிருக்கிற அந்த வரைபடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். "பார்த்தீங்களா, எவ்வளவு உழைப்பு" என்று இன்பொக்ஸில் அனுப்பியவர்களுக்கும் இதுதான் பதில்.

உழைப்புத்தான், மறுக்கவில்லை. கடலில் என்ன, தரையில் என்ன, வானில் என்ன என்று 2006ஐ நாள் நாளாக மூன்று நிரலில் பிரித்திருக்கிறார்கள். எத்தனை படகு, யார் எதுவரை முன்னேறினார்கள், எல்லாம் இருக்கிறது. சனங்கள் இல்லை. ஓரிடத்திலும் இல்லை.

ஏப்ரல் 25ஐ எடுங்கள். கொழும்பில் இராணுவத் தளபதி மேல் தற்கொலைத் தாக்குதல் நடந்த நாள். 2002இல் எழுதிய போர்நிறுத்தம் கடதாசியில் அப்போதும் இருந்தது. அன்றே சம்பூர் இருக்கிற மூதூர் கிழக்கில் கிபிர் விமானம் குண்டு போட்டது, ஷெல் அடித்தார்கள், கடலிலிருந்தும் அடித்தார்கள். உங்கள் மூன்று நிரலும் நிரம்பிவிட்டது. மாட்டை அவிழ்த்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினவர்களுக்கு எந்த நிரல்?

என் பெரியம்மா வீடு சம்பூர். நாங்கள் திருகோணமலை டவுனில். நடுவில் கொட்டியாரக் குடா மட்டும்தான். அங்கே விழுகிற ஒவ்வொரு ஷெல்லும் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். கேட்டுக்கொண்டு இருப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது. அப்பா கடற்தொழில். கடலில் ஏதாவது நடந்தால் தொழிலுக்கு விடமாட்டார்கள். இரவு 9.15க்கு அவர் பிபிசி வானொலியின் தமிழோசைக்குக் காது கொடுத்தது யார் வென்றார்கள் என்று அறிய இல்லை, விடிய வள்ளம் இறக்கலாமா என்று அறியத்தான். உங்கள் 'கடல்' நிரலில் ஒரு வரி என்றால் எங்கள் வீட்டில் அன்று உலை இல்லை.

"இது இராணுவ வரலாறு, மக்கள் கதை வேறு" என்று ஒருவர் எழுதியிருந்தார். எப்படி வேறாகும்? ஜூலையில் புலிகள் மாவிலாற்று மதகைப் பூட்டியபோது தண்ணீர் இல்லாமல் தவித்தது யார்? வயல் செய்த சனம். அதைக் காரணம் காட்டித்தானே விமானமும் ஆமியும் வந்தது? ஆகஸ்டில் மூதூருக்குள் சண்டை வந்தபோது முஸ்லிம் சனங்கள் ஊரையே விட்டுக் கந்தளாய்ப் பக்கம் போனார்கள். சனத்தை எடுத்துவிட்டால் அந்தப் போர் ஏன் தொடங்கியது என்றே உங்களால் சொல்ல முடியாது.

"எந்தப் பக்கம் நிற்கிறீங்கள்" என்றும் கேட்டார்கள். மதகைப் பூட்டியவர்களையும் சொன்னேன், குண்டு போட்டவர்களையும் சொன்னேன். அதற்குப் பிறகும் கேட்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் அந்தக் கமெண்டுகள். செப்டம்பர் 4, சம்பூர் ஆமியிடம் வீழ்ந்த நாள். அதற்குக் கீழே கிரிக்கெட் மேட்ச் மாதிரி இரண்டு பக்கமும் ஸ்கோர் சொல்லிச் சண்டை பிடிக்கிறார்கள். வரைபடமும் அங்கேயே முடிகிறது. பெரியம்மாவுக்கு அங்கே எதுவும் முடியவில்லை. வாகரை, மட்டக்களப்பு, கடைசியில் கிளிவெட்டி முகாம். 2007இல் ஊரையே உயர் பாதுகாப்பு வலயம் என்று வர்த்தமானியில் போட்டார்கள். பிறகு அனல்மின் நிலையம் வரப்போகிறது என்றார்கள். 2015, 2016இல்தான் காணி திரும்பக் கிடைக்கத் தொடங்கியது. பெரியப்பா அதுவரை இருக்கவில்லை. தகரக் கொட்டிலில்தான் செத்தார். உணர்ச்சிவசப்படுகிறேன் என்கிறீர்கள். சரி, படுகிறேன். படாமல் இதை எப்படி எழுதுவது?

நேற்று அந்தப் பக்கத்தில் மரியாதையாகத்தான் கேட்டேன், நாலாவதாக ஒரு நிரல் சேருங்கள் என்று. கமெண்டை அழித்துவிட்டார்கள். அதனால் இங்கே கேட்கிறேன். அடுத்த வரைபடம் வாகரை என்று அறிவித்திருக்கிறீர்கள். அதே 2006 நவம்பர் 8, வாகரைப் பக்கம் கதிரவெளிப் பள்ளிக்கூடத்தில் ஷெல் விழுந்தது. அங்கே தங்கியிருந்தது இடம்பெயர்ந்து வந்த சனம். அந்த நாளை எந்த நிரலில் போடப்போகிறீர்கள்?